மாற்றுக் காணி

ராசநாயகம் மாமா காலமான செய்தியை அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். "நித்திரையிலையே போயிட்டார், பிள்ளை. கஷ்டப்படேல்லை" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை இனிச் சொல்ல முடியாது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கிலும் விபோர்க்கிலும் அவரைத் தெரியாத நம்மவர்கள் குறைவு. துணித் தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்தவர்கள் வீடும் காரும் வாங்கிக்கொண்டிருந்தபோது, இவர் மேற்கே, பேருந்துகூட ஒழுங்காகப் போகாத ஒரு விவசாய ஊரில், ஆற்றோரப் புல்நிலம் வாங்கினார். விசர் பிடித்துவிட்டது என்று சொன்னவர்களில் என் அப்பாவும் ஒருவர். பிறந்த ஊரான வலிகாமம் வடக்கில் மாமாவின் காணி இராணுவ வேலிக்குள் போய் அப்போதே பல வருடங்கள். "நிண்டு பாக்கிறதுக்கு எனக்கெண்டு ஒரு துண்டு வேணும்" என்பதுதான் அவருடைய பதில்.

அந்த ஊரின் வரலாற்றுக் குழுவில் அவரும் நானும் இருந்தோம். ஒருமுறை பேச அவருடைய முறை வந்தது. பற்றைக்காடாய்க் கிடந்த மணல் நிலத்தை ஏழைக் குடும்பங்கள் உழுததும், காற்றைத் தடுக்க மரவரிசை நட்டதும், வளைந்தோடிய ஆற்றை நேராக வெட்டியதும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பக்கத்துத் தோட்டக்காரர் ஆன்டர்ஸ் இடையிடையே திருத்தினார். இவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்பி ஆறிப் போனது. வடிகால் வெட்டியதால் மண்ணிலிருந்த இரும்பு கசிந்து, ஆறு துருநிறமாகி, மீன் செத்த கதையோடு முடித்தார். வெளியே வந்ததும் என்னிடம், "என்ரை வாய்க்காலும் அந்த ஆத்துக்குள்ளைதான் விழுது" என்று சிரித்தார்.

நான் கொமூன என்று நாங்கள் சொல்லும் நகரசபையின் சுற்றாடல் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த வடிகால்களை அடைத்து, புல்நிலங்களில் மீண்டும் தண்ணீர் ஏறவிட்டு, ஆற்றைப் பழையபடி வளையவிடுவது எங்கள் திட்டம். நல்ல வேலை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குக் காணிக்காரர்களின் சம்மதம் வேண்டும். "ராசநாயகத்திடம் நீ போ, உங்கள் மொழியில் பேசினால் லேசு" என்றார் என் மேலாளர். குழுவில் மற்றவர்களுக்காக நாங்கள் எப்போதும் டேனிஷில்தான் பேசுவோம். அவரை அங்கிள் என்பேன். அன்று அவர் வாசலில் காரை நிறுத்தும்போதே, மாமா என்று கூப்பிடுவதென்று முடிவு செய்திருந்தேன். என் கெட்டித்தனம் அப்படி.

மாமி தேத்தண்ணீர் தந்தார். நான் வரைபடத்தை விரித்து, "மாமா, காசும் எடுக்கலாம், இல்லாட்டி மேட்டுப்பக்கம் மாற்றுக் காணி தருவினம்" என்றேன். டேனிஷில் சொல்லியிருந்தால் அது வெறும் அலுவலகப் பேச்சு. தமிழில், அங்கே வலிகாமத்தில் அதிகாரிகள் அவர் குடும்பத்திடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு முறையும் அவர்கள் வேண்டாம் என்றிருந்தார்கள். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கை கேளாமல் எடுத்தவை. நீ வந்து கேக்கிறாய்" என்றார் கடைசியில். "மாற்றுக் காணி வேண்டாம், காசைத் தரச் சொல்லு. பேனையைத் தா."

வேறு எந்த வீட்டிலும் நான் முதலில் சொல்வது, "இது உங்கள் விருப்பம், மறுக்கலாம்" என்பதைத்தான். அவரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. அவருடைய துண்டு நடுவில் இருந்தது. அவர் மறுத்தால் முழுத் திட்டமும் நின்றுவிடும்.

இந்த வசந்தத்தில் தண்ணீர் ஏறியது. ஆட்காட்டிக் குருவிகள் வந்து இறங்கின. அவர் கரையில் நின்று பார்த்து, "வடிவாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு நடக்கப் போனால் வீதிப்பக்கமாகவே போனார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று குசினியில் மாமியோடு தனியாக நின்றபோது சொன்னேன். "மாமி, வேண்டாமெண்டு சொல்லலாம் எண்டதை நான் மாமாவுக்குச் சொல்லேல்லை."

மாமி கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "அவருக்குத் தெரியும், பிள்ளை. ஆன்டர்ஸ் முதலே வந்து சொன்னவன். நீ உன்ரை வாயாலை சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர்."

"பிறகேன் கையெழுத்து வைச்சவர்?"

"பிள்ளை கொமூனவுக்கு வெறுங்கையோடை திரும்பிப் போகக்கூடாது எண்டார்."

இதை வாசிக்கும், அவரை அறிந்த உங்களிடம் அவருடைய பகிடிகள் இருக்கும், அவர் தோட்டத்துப் பூசணியின் ருசி இருக்கும். என்னிடம் இருப்பது, நான் அந்த ஒரு வசனத்தைச் சொல்வேன் என்று அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் மட்டும்தான்.