செர்வாவின் தாழ்வாரத்தில் யாவ்

குமாசி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளிகள் தாழ்வாரம் செர்வாவுடையது. பத்திரம் ஒன்றும் கிடையாது. வாசலில் ஆரஞ்சு உரித்து விற்றுக்கொண்டிருந்தவளை, துடைக்கிறவள் வராத ஒரு காலையில் நர்ஸம்மா உள்ளே கூப்பிட்டார். அன்று கையில் எடுத்த மாப்பை அவள் அதன்பின் யாரிடமும் கொடுக்கவில்லை. தரை ஈரமாக இருந்தால் டாக்டர்கள்கூடச் சுவரோரமாகத்தான் நடப்பார்கள். போகிற போக்கில் "ஆயேக்கோ" என்பார்கள். வேலை செய்கிறவரைக் கண்டும் வாழ்த்தாமல் போவது அந்த ஊரில் மரியாதை இல்லை. குனிந்தபடியே "யா ஏய்" என்று பதில் சொல்வாள். முதுகு வலிக்கு அவள் எடுத்துக்கொண்ட மருந்து அது ஒன்றுதான்.

தரை துடைக்கும் இயந்திரம் ஒரு வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு என்ன பெயரோ அதையே அதற்கும் வைத்தார்கள், யாவ் என்று. இடுப்பு உயரம், அடியில் சுழலும் தூரிகைகள். தானே தண்ணீர் தெளித்து, தேய்த்து, அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். யாராவது குறுக்கே வந்தால் நின்று வழி கேட்கும். தண்ணீர் மாற்றவும் முட்டிக்கொண்டு நின்றால் திருப்பிவிடவும் கூடவே ஒருவர் நடந்தால் போதும். குனியத் தேவையில்லை.

மேற்பார்வையாளர் அம்போஃபோ துப்புரவுப் பெண்கள் எல்லாரையும் கூட்டினார். மூத்தவள் என்பதால் செர்வாவைத்தான் முதலில் கேட்டார், நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்று.

"எனக்கெதுக்கு சார் அதெல்லாம்," என்றாள் செர்வா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சாப்பிடுகிறவர் வா என்றதும் தட்டில் கை வைக்கிறவர் உண்டா? நன்றி சொல்லிவிட்டு நிற்க வேண்டும். மனதாரக் கூப்பிடுகிறவர் கையைப் பிடித்து இழுப்பார். செர்வா அந்த இழுப்புக்குக் காத்து நின்றாள். அம்போஃபோ அவசரக்காரர். சரி என்று அடுத்தவள் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்தவள் கொனாடு, மத்தியானம் செர்வாவோடு ஒரே தட்டில் கென்கே என்ற புளித்த சோளமாவு உருண்டை தின்பவள். "குடுங்க சார்," என்றாள், கடையில் சோப்பு வாங்குவதுபோல.

கென்கே எப்போதும் புளிப்புத்தான். அன்றிலிருந்து செர்வாவுக்கு அது அதிகமாகப் புளித்தது. கொனாடுவுக்குக் காலர் வைத்த நீலச் சீருடை வந்தது. தலையைப் புதிதாகப் பின்னிக்கொண்டு வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண ஊர்வலத்தில் பெண்வீட்டுக்காரி நடப்பதுபோல் யாவின் பின்னால் நடந்தாள். ஜனங்கள் படம் எடுத்தார்கள். ஒரு கிழவி, குறுக்கே வந்துவிட்டதற்காக இயந்திரத்திடம் மன்னிப்புக் கேட்டாள். ஒரு இளம் டாக்டர் "ஆயேக்கோ, யாவ்" என்று அதன் தலையில் தட்டிவிட்டுப் போக, அதன் சார்பில் கொனாடு "யா ஏய்" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். யாவின் தூரிகை எட்டாத பெஞ்சடியில் முழங்காலிட்டிருந்த செர்வாவை யாரும் பார்க்கவில்லை.

"உன் புருஷன் சாப்பிட்டானா?" என்று அன்று மத்தியானம் மீன் முள்ளை எடுத்தபடி செர்வா கொனாடுவைக் கேட்டாள்.

"கரெண்டுல போட்டுட்டுத்தான் வந்தேன். உங்க வீட்டுக்காரரவிட நல்லா சொன்ன பேச்சக் கேக்குறான் அக்கா."

செர்வா அந்த முள்ளைக் கொனாடுவின் பக்கமாகத் தட்டில் வைத்தாள்.

இன்னொன்றும் இருந்தது. அதுதான் பொறுக்கவே முடியாதது. அவள் முதுகு இப்போது வலிக்கவில்லை. நடுத்தரை முழுவதையும் யாவ் பார்த்துக்கொண்டதால் அவளுக்கு ஓரங்களும் மூலைகளும்தான் மிச்சம். வீட்டில் மகளை முதுகின்மேல் ஏறி மிதிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படுத்ததும் தூங்கிப்போனாள். ஆகாதவள் கையால் கஷாயம் குடித்துக் குணமானதுபோல் இருந்தது. இடுப்பு எப்படி இருக்கிறது என்று கொனாடு கேட்கும்போதெல்லாம் முன்னைவிட மோசம் என்றே சொன்னாள்.

யாவைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்த காலம் முடிந்தது. வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று கேட்க அம்போஃபோ மறுபடி எல்லாரையும் கூட்டினார். தாழ்வாரத்தை அறிந்தவள் செர்வா, அவள் சொல்வதைத்தான் மேலிடத்தில் சொல்லப் போகிறேன் என்றார். உபயோகமில்லை என்ற வார்த்தையை அவள் காலையிலிருந்தே நாக்கு நுனியில் வைத்திருந்தாள். சொன்னால் யாவ் போய்விடும். நீலச் சீருடை போய்விடும். கொனாடு பழையபடி வாளியோடு பக்கத்தில் நிற்பாள். முதுகும் பழையபடி ஆகிவிடும். எதிரே கொனாடு காலரின் நுனியைத் திருகிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"ஒத்தாசையாத்தான் இருக்கு சார்," என்றாள் செர்வா. வாய் அத்தோடு நிற்கவில்லை. "ஆனா அத நானும் ஓட்டணும்."

கொனாடுவின் முகம் சுருங்கியது. "மொதல்ல உங்களத்தானே அக்கா கேட்டாரு. வேணாம்னு சொன்னது நீங்கதானே."

"ஒரு வாட்டி கேட்டாரு. ஒரு வாட்டி கூப்பிட்டதுக்கே உக்காந்து சாப்பிடற வழக்கம் எங்க வீட்ல இல்லடி. நீ எந்த ஊர்ல பொறந்த?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்போஃபோ சிரிக்கவில்லை. பின்கழுத்தைத் தடவியபடி, யாவ் இங்கேயே இருக்கட்டும், வாரத்துக்கு ஒருவராக மாறிக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார்.

திங்கட்கிழமை செர்வா நீலச் சீருடையில் நடந்தாள். அக்குளில் இறுக்கியது, பரவாயில்லை. கொனாடு பெஞ்சடியில் குந்தி, யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். யாவின் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். முதலில் இயந்திரத்தை, பிறகு சீருடையை, பிறகு செர்வாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் ருசி செர்வாவுக்கு நன்றாகத் தெரியும். பாவம் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் போய் இதமாக ஒரு வார்த்தை சொல்லலாம்தான். சொல்லவில்லை. பொத்தானை அழுத்தி, ஏற்கெனவே பளபளத்துக் கிடந்த அந்தத் தரையில், கொனாடுவின் கண்ணெதிரே, யாவை இன்னொரு சுற்று விட்டாள்.