கோபக்காரருக்குக் கதை சொல்லப் போய் எனக்கு வந்த எரிச்சல்

மடியில் நண்டு வலை கிடக்கிறது. பாசியைப் பிடுங்குவதும், கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ஒரு வரி எழுதுவதுமாக இருக்கிறேன். கோபக்காரப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது கேட்கிறவர்களுக்குத்தான் நல்லது. சொல்கிறவளுக்கு வயிறு எரியும். பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்து அடிபட்டதுகள், தாய் தகப்பனோடு கதைக்காததுகள் எல்லாம் சனிக்கிழமையில் மாதா கோயில் மண்டபத்துக்கு வரும். ஆறாம் வகுப்போடு நின்ற என்னை மாதர் சங்கம் அங்கே கதை சொல்லப் பிடித்து விட்டது.

நான் ஓம் என்று சம்மதித்தது, என் தங்கச்சி ஜெனிற்றாவும் வந்து கேட்பாள் என்றுதான். பதினைந்து வயது. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து என்னோடுதான் இருக்கிறாள். அங்கிருந்து அம்மா போன் எடுத்தால் எழும்பி வெளியே போய்விடுவாள். உங்கள் வீட்டிலும் கதவை அடித்துச் சாத்துகிற ஒன்று இருந்தால் நான் படுவது விளங்கும்.

முதல் கதை

எனக்கு முகம் பார்த்துக் கதைக்க வராது. அந்தப் பிள்ளைகளுக்கும் வராது. அதனால் வலையைக் கொண்டுபோய் நடுவில் போட்டேன். எல்லாரும் குனிந்து பாசி எடுக்க, நானும் குனிந்தபடியே சொன்னேன். ஒரு முரடன் கடலில் காற்றில் அகப்படுகிறான், புத்தி வருகிறது, தாயின் காலில் விழுகிறான். முடித்தபோது பாசி எடுத்த கைகள் எல்லாம் நின்றிருந்தன. எனக்குப் புளுகத்தில் தலைகால் தெரியவில்லை. வகுப்பில் உட்காருகிற கதிரையை உடைத்துவிட்டு வந்த நிரோஜன் நிமிராமலே சொன்னான்: "அக்கா, இதைப் பூசையிலயும் கேக்கிறம், பள்ளியிலயும் கேக்கிறம். திருந்தாதவன்ர கதை ஒண்டு இருந்தால் சொல்லுங்கோ."

றிசானா ரீச்சர்

முசலி ஊர்ப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து படிப்பிக்கிறவ. அதே சனிக்கிழமை, அதே நேரம், வாசிகசாலையில் அவவும் கதை சொல்லத் தொடங்கினா. என் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அங்கே கழன்றன. சிரிப்புச் சத்தம் மண்டபம் வரை கேட்கும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நிரோஜனைத் தெரு ஒழுங்கையில் மறித்து, "அப்பிடி என்னடா அங்க விசேசம்?" என்று கேட்டேன். அவன் பாவப்பட்டுச் சொன்னான்: "ஒண்டுமில்லை அக்கா. அவவுக்குக் கதை முடிக்கத் தெரியாது. நாங்கதான் முடிச்சுக் குடுக்கிறம்."

யன்னலுக்கு வெளியே

பிறகு ஒரு சனிக்கிழமை, என் மண்டபத்துப் படியே மிதிக்காத ஜெனிற்றா வாசிகசாலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். என் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யன்னலடியில் போய் நின்றேன். ஊரவரின் வலைகளை அறுத்துப்போட்ட ஒரு பெட்டைப் பிள்ளையின் கதை நடந்தது. "ஏன் அறுத்தாள்? நீங்க சொல்லுங்க," என்றா ரீச்சர்.

என் தங்கச்சி கையை உயர்த்தினாள். வீட்டில் உப்புக் கேட்டாலும் வாய் திறக்காதவள். ரீச்சரில் எனக்கு வந்த எரிச்சலில் அவள் சொன்னது முதலில் காதில் ஏறவில்லை. பிறகு ஏறியது: "தாய் வெளிநாட்டில. அக்கா ஊர்ப் பிள்ளையளுக்குக் கதை சொல்லப் போயிடுவா. இவளுக்கு வீட்டில ஏச்சு மட்டும்தான். அறுக்காமல் என்ன செய்யுறது?"

என் பாதிக் கதை

அடுத்த நாள் ஜெனிற்றாவும் நானும் மீன் வெட்டிக்கொண்டிருந்தோம். நான் தொடங்கினேன்: "ஒரு அக்கா இருந்தாளாம். தங்கச்சி வேற ஆரோடயும் சிரிச்சால் அவளுக்கு வயிறு பத்துமாம்." அதோடு நிறுத்திவிட்டேன்.

"பிறகு?" என்றாள்.

"நீ சொல்லு."

ஒரு மீனை முழுதாகச் செதில் எடுத்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "அந்த அக்கா றிசானா ரீச்சர் மாதிரி நடிக்கிறதை முதல் விடட்டும். தங்கச்சி யோசிப்பாள்."

ஆக, கோபக்காரப் பிள்ளைகளுக்கு முன்னம், அவர்களுக்குக் கதை சொல்கிறவளைத்தான் யாராவது இருத்தி வைத்து விசாரிக்க வேண்டும் என்று எழுதி முடிக்கலாம் என்று பார்த்தால், உள்ளே இருந்து ஜெனிற்றா, "அக்கா, அம்மா லைனில! நான் கதைச்சிட்டன், நீ கெதியா வா!" என்று கூப்பிடுகிறாள், இவ்வளவு நாளும் என்னிடம் சொல்லாததையெல்லாம் எனக்கு முந்தி அம்மாவிடம் கொட்டிவிட்டாள் போல; வலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.