தாரியலுக்கு ஊற்றிய மது

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அன்று அந்த அறையில் இருந்த மூவரில் இருவர் இன்னும் உயிரோடிருக்கிறோம்.

ஜார்ஜியாவில், எங்கள் மலையூரின் பழைய வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் ராட்சத ராட்டினம் ஓட்டுவது என் வேலை. தாரியல் அதன் மெக்கானிக். தொண்ணூற்றெட்டாம் வருடம், சீசனின் கடைசி நாள். மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. அப்படிப் போனால் கைப்பிடியைச் சுற்றி, ஒவ்வொரு கூண்டாகக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். ஆற்றின் இரைச்சலில் மேலேயிருந்து கத்தினாலும் கேட்காது. அன்று சீட்டு வாங்கியவர் எவருமில்லை. நான் சுற்றவில்லை. பூட்டினேன்.

சீட்டு அறையில் சியாலா அக்கா மெழுகுவத்தி ஏற்றி, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து வைத்திருந்தார். ஊற்றுக் குழாயருகே நின்று வருகிறவர்களுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுப்பவர் அவர்.

இறந்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது ரொட்டித் துண்டில் சில சொட்டு மது விடுவோம். உயிரோடிருப்பவனுக்கு விடவே மாட்டோம். விளையாட்டுக்குக்கூட.

நான் விட்டேன்.

“இது தாரியல் அண்ணனுக்கு. ஓசி சரக்குக்கே வரலன்னா ஆளு செத்துத்தான் போயிருக்கணும்.”

அக்கா என் கையில் அடித்தார். “வாயக் கழுவுடா, சனியனே!”

டொக்... டொக்...

மணி ஏழேகால். வாசலில் தாரியல்.

“பாத்தியாக்கா, பேரச் சொன்னதும் வந்துட்டாரு!”

தாரியல் சிரிக்கவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய பூட்சிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை.

“எங்கண்ணே போனீங்க?”

“மேலதான்.”

அக்கா ஊற்று வெந்நீர் கொடுத்தார். டம்ளர் தாரியல் கைக்குள் போனதும்... ஆவி நின்றது.

“குளுருது. எறக்கி விடுடா.”

“முன்னாடிதானே நிக்கிறீங்க. இன்னும் எங்கண்ணே எறக்குறது?”

நான் மது விட்ட துண்டை எடுத்தார்.

“எனக்குத்தானே?”

போய்விட்டார்.

அக்கா மெழுகுவத்தியோடு வாசலுக்குப் போனார். பின்னாலேயே நான்.

பனியில் தடமே இல்லை.

தலைக்கு மேல்... கிரீச்... கிரீச்...

“காத்துக்கா,” என்றேன்.

காற்றே அடிக்கவில்லை.

“கைப்பிடியச் சுத்துடா.” அக்கா என்னைப் பிடித்துத் தள்ளினார்.

“காலைல சுத்திக்கலாம்.”

வீட்டைப் பார்க்க ஓடினேன். அக்காவும் ஓடிவந்தார்.

காலையில் கரண்ட் வந்தது. ராட்டினத்தைச் சுற்றவிட்டேன். உச்சிக் கூண்டு இறங்கியது. உள்ளே தாரியல், மடியில் ஸ்பேனரோடு, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். மூடிய கைக்குள் ரொட்டித் துண்டு. மது காயவில்லை.

டாக்டர் சொன்னது அதைவிட மோசம். உயிர் பிரிந்தது விடியற்காலை ஐந்து மணிவாக்கில்.

எங்கள் கதவைத் தட்டியபோது அவர் மேலே உயிரோடு இருந்தார்.