நிலவுக்கு லீவு விடும் ஊர்

கண்டிக்கு வந்த புதிதில் என்னால் நம்பவே முடியாத சங்கதி, இங்கே பௌர்ணமிக்கு லீவு விடுகிறார்கள் என்பதுதான். அதுவும் மாதாமாதம். போயா என்று பெயர். வங்கி, கந்தோர் என்று இங்கே சொல்லும் ஆபீஸ், இறைச்சிக்கடை எல்லாம் மூடிவிடும். கோயம்புத்தூரில் நான் அறிந்த பௌர்ணமி, அம்மா கோயிலுக்கு ஓடிப்போய்வந்து அவசரமாக எனக்கு டிபன் கட்டித் தரும் நாள். அன்றைக்கும் எட்டரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். பத்து வருடம் அப்படி உழைத்தவள் நான். லீவு கேட்பவர்களைச் சோம்பேறி என்று நினைக்கவும் அங்கேதான் பழகினேன்.

கல்யாணம் என்னைக் கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலைக்குக் கொண்டுவந்தது. அதே கம்பெனி கண்டியில் சின்னக் கிளை ஒன்றைத் திறந்து, ஆறு பேருக்கு என்னைப் பொறுப்பாக்கியது. வெளிநாட்டு ஹோட்டல்களுக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது எங்கள் வேலை. யாரோ எங்கோ திட்டுவார்கள், நாங்கள் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்போம். வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, வேலை எப்போது முடிகிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அது ரொம்ப வசதி. சாப்பிட்டுக்கொண்டே செய்தி அனுப்புவேன். பதில் வரத் தாமதமானால் வெறும் கேள்விக்குறி அனுப்புவேன்.

போன மாதம் போயாவன்று காலை பத்து மணிக்கு ஆன்லைனில் மீட்டிங் போட்டேன். நஸ்ரின் மட்டும் வந்தாள். ஆறு பேரில் அவள்தான் கெட்டிக்காரி.

"மிஸ், உங்கட மெசேஜ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடங்குது. சாப்பாடு எறங்குதில்ல. நாளையில இருந்து நான் வர மாட்டன்."

திரை அணைந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் பயம். அவளை இழக்க முடியாது. இரண்டு பஸ் மாறி, பிலிமத்தலாவையில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸிலேயே ஒரு நீண்ட பிரசங்கம் தயாரித்தேன்.

கதவைத் திறந்த நஸ்ரினின் உம்மா கையை நீட்டினார். "வாங்க மகள். ஃபோனத் தாங்க. போயாவுக்கு இந்த வீட்டுல எல்லா ஃபோனும் அலுமாரிக்குள்ளதான்." தன் ஃபோனைக் களவாக எடுத்துத்தான் நஸ்ரின் காலையில் மீட்டிங்குக்கு வந்திருக்கிறாள். என் ஃபோனையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, உம்மா சோறு போட்டார். முந்தின நாளே வாங்கிவைத்த கோழி. என்ன ருசி! பிரசங்கம் மறந்தே போயிற்று.

பாதிச் சாப்பாட்டில் அலுமாரிக்குள் ஃபோன் அடித்தது. நஸ்ரினின் கை தட்டிலேயே நின்றது. என் கையும் நின்றது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. அது என் ஃபோன்; லீவு நாளிலும் விடாமல் விரட்டும் என் கோயம்புத்தூர் மேனேஜரைத் தவிர வேறு யார்? அவர் எனக்குச் செய்ததை நான் அப்படியே இவளுக்குச் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"உன்னைப் பாடாய்ப் படுத்திட்டேன், நஸ்ரின். மன்னிச்சுக்கோ. இனி லீவு நாள்ல மெசேஜ் வராது. ஆறு மணிக்கு மேலயும் வராது."

"கேள்விக்குறி?"

"அதுவும் வராது."

அவள் சிரித்துவிட்டாள். ஆபீஸில் நான் ஒருநாளும் கேட்காத பெரிய சிரிப்பு. "அப்ப நாளைக்கு வாரன் மிஸ். கோழி போடவா?"

கிளம்பும்போது ஃபோனை வாங்கி, வாசலில் நின்றே மேனேஜரைக் கூப்பிட்டேன். "சார், இன்னைக்கு நாங்க வேலை செய்ய மாட்டோம். இனி எந்தப் போயாவுக்கும் செய்ய மாட்டோம்."

அவர் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, மேல பேசிப் பாக்குறேன். என்னம்மா, முழுசா சிலோன்காரி ஆயிட்டியா?" என்றார்.

அதே நேரம் உம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவங்கதான் எங்கட நஸ்ரின்ட இந்தியாக்கார மிஸ்."

இரண்டு பேருக்குமாகச் சேர்த்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.