கிரீடம் பட்ட தலை

காலை ஏழு மணிக்கு உப்பிலியபுரத்தில் பஸ் ஏறினோம், நானும் என் மூன்று வயது மகன் சேவியரும். திருச்சிக்கு ஏறக்குறைய நாற்பது மைல். சித்திரை முழுதும் காய்ச்சலில் கிடந்தவன் பிழைத்தால் புனித லூயிஸ் ராஜாவின் கிரீடத்தை அவன் தலையில் வைப்பதாக என் மாமியார் நேர்ந்திருந்தார். ஆவணியில் அரசரின் திருநாள். எடுத்து வந்த பால் கெட்டுவிடுமோ, அவன் சட்டை மெல்லியதோ என்று துறையூர் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஏறிய மாமி ஒருவர் எங்கே பயணம் என்று கேட்டார். சொன்னேன்.

"கிரீடமா? எங்க ராஜா படுத்துண்டே ஆள்றார். அங்கே தலையில சடாரின்னு பெருமாள் பாதத்தை வைப்பா. குனியத் தெரிஞ்சாப் போறும்" என்று சிரித்தார். காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது.

திருச்சியில் பஸ் மாறினோம். காட்டூர்ப் பக்கம் சிறிய கோயில். பீடத்தின் மேல் பழைய படம்: பிரான்சை ஆண்ட அரசர் மண்டியிட்டு ஒரு தொழுநோயாளியின் காலைக் கழுவுகிறார். சிலுவைப் போருக்குக் கடல் கடந்தபோது அவர் தம் மகனையும் அழைத்துப்போனார். பாளையத்தில் நோய் பரவியது. முதலில் மகன் இறந்தான், பிறகு அவர். பள்ளியில் சிஸ்டர் சொன்ன கதை. படத்தில் அந்த மகன் இல்லை.

அரசரின் சுரூபத் தலையிலிருந்து எடுத்த வெள்ளிக் கிரீடத்தைக் கோயில்பிள்ளை ஒவ்வொரு தலையிலும் வைத்து எடுத்தார். துடைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவளின் தோளில் துண்டு போர்த்திய சிறுமி. துண்டு விலகியது. நெற்றி முழுதும் கொப்புளம்.

"என்னங்க இது?"

"பெரியம்மைதாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா பிரிச்சு வச்சிடுவாங்க. குஷ்டத்தையே தொட்ட ராஜா, இதைத் தொட மாட்டாரா?"

காய்ச்சலைக் காரணம் சொல்லி, சேவியருக்கு அம்மை குத்துவதைத் தள்ளிப்போட்டிருந்தோம். கிரீடம் அந்த நெற்றியில் இறங்கியது. பிறகு எங்களிடம் வந்தது.

"புள்ளையக் குனியச் சொல்லும்மா."

"எனக்கு வைங்க."

"நேர்ச்சை புள்ளைக்குத்தானே?"

பின்னாலிருந்து ஒருத்தி, "ராஜா கிரீடம் இவ புள்ளைக்கு ஆகாதாம்!" என்றாள்.

அவனை என் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தேன். வெள்ளி ஈரமாக இருந்தது.

திரும்பும் வழியில் ஸ்ரீரங்கத்தில் இறங்கி, ஆற்றுப் படியில் தலையைக் கழுவினேன். சிறு வயதில் குத்திய தழும்பு என் கையில் இருக்கிறது. அது எத்தனை வருஷம் காக்கும்? அரசர் மகனை அழைத்துப்போனார், நான் மகனைத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அப்படித்தானா என்று தெரியவில்லை. பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்காரவைத்து, தள்ளி உட்கார்ந்தேன். "தூக்கும்மா" என்று துறையூர் வரை அழுதான்.

வாசலில் மாமியார் காத்திருந்தார். "கிரீடம் வச்சாங்களா?"

"வச்சாங்க அத்தை."

அவர் அவனை வாரித் தூக்கி உச்சியில் முத்தமிட்டார். அவன் என்னைப் பார்த்துக் கை நீட்டினான். நான் வாசலிலேயே நின்றேன்.