அப்பம் கொடுக்கும் கை

காரை நிறுத்தியதும் இரண்டு கைகளையும் மனைவி பக்கம் நீட்டிவிடுவார் பாஸ்டர் ஆசீர் தங்கதுரை. எல்லா ஞாயிறும் உண்டு; ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நற்கருணை ஞாயிறு, கூடுதல் கவனம். எப்சிபா கைப்பையிலிருந்து ஃபவுண்டேஷன் குப்பிகள் இரண்டை எடுத்து, தன் புறங்கையில் குழைத்து, அவருடைய விரல்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தேய்ப்பாள். ஒரே குப்பியில் காரியம் ஆகாது. நியூஜெர்சிக் கடைக்காரனுக்குத் திருநெல்வேலிக் கறுப்பைப் பற்றி என்ன தெரியும்? ஒரு குப்பி காபி நிறம், மற்றது கரி நிறம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது ஆசீரின் நிறம்.

"அசையாம இருங்க. கட்டவிரல் இன்னும் வெளுப்பாத் தெரியுது."

"போதும் எப்சி. கொயர் பிள்ளைய வந்திருக்கும்."

"ஊதிக் காய வைங்க மொதல்ல."

ஊதுவார். ஐம்பது தாண்டிய மனுஷன், மருதாணி வைத்த பெண்பிள்ளை மாதிரி பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு ஊதுவார். பிறகு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, எடிசனில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் அமெரிக்கச் சபையின் பின்வாசல் வழியாக உள்ளே போவார்.

வெள்ளைப் புள்ளி முதலில் விரல் நுனியில் வந்தது. பிறகு உதட்டோரம். அப்புறம் முழங்கை. வலி கிடையாது, தொற்றாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். எப்சிபா நர்ஸ், டாக்டர் சொல்லும் முன்பே அவளுக்கு அது தெரியும். ஆனால் நம்மவர்கள் இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்களே, வெண்குஷ்டம் என்று. அந்தப் பெயருக்கு எந்த டாக்டரிடமும் மருந்து இல்லை. அதனால்தான் குப்பிகள்.

ஆசீரின் கொள்ளுத்தாத்தா பனங்காட்டு ஊர்களில் உபதேசியார். தாத்தா போதகர், அப்பா போதகர். "எங்க ஐயா ஆரோன் வம்சம்லா, அங்கியோட பொறந்தவரு" என்று சபையில் கேலி செய்வார்கள். அவருக்கும் அது உள்ளுக்குள் பிடிக்கும். வாரநாட்களில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறார். சாயங்காலம் ஊழியம். எந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போனாலும் நேரே அடுப்படிக்குப் போய் "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேதத்தைத் திறப்பார். விசா சிக்கலில் இருப்பவனுக்கு ஜெபித்தால் மானேஜர் பெயரைக் கேட்டுக்கொண்டு, "ஆண்டவரே, இந்த ஸ்டீவ் மனசைக் கொஞ்சம் இளக்கும்" என்று ஆளைக் குறிப்பிட்டே மன்றாடுவார். ஸ்டீவ்கள் சிலர் இளகியும் இருக்கிறார்கள்.

பிரசங்கம் சுமார்தான். அதை அவரே ஒத்துக்கொள்வார். "யூடியூப்ல நம்மள விட ஜோராப் பண்ணுதாங்க. அதைக் கேட்டுக்கிடுங்க. ஆனா அப்பம் மட்டும் கையில இருந்து கைக்குப் போவணும். அதுக்குத்தான் என்னைய வச்சிருக்கு" என்பார். மனுஷன் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

புள்ளி வருவதற்கு முந்திய வருஷம், புதன்கிழமை ஜூம் வகுப்பில் பழைய இஸ்ரவேலில் பலி செலுத்திய ஆரோன் வம்சத்து ஆசாரியர்களைப் பற்றி நடத்தினார். அந்தக் காலத்தில் தோல் டாக்டரும் ஆசாரியன்தான். தோலில் வெள்ளை கண்டால் அவனிடம் காட்ட வேண்டும். அவன் பார்ப்பான், ஆளை அடைத்துவைப்பான், மறுபடி பார்ப்பான், பிறகு தீட்டு என்றோ சுத்தம் என்றோ சொல்வான். தலை முதல் கால் வரை ஒரே வெள்ளையாகிவிட்டால் மட்டும் சுத்தமாம். "அப்ப இந்த அமெரிக்காக்காரன் எல்லாம் சுத்தம்லா" என்றார். பெட்டி பெட்டியாக எல்லா முகங்களும் சிரித்தன.

அதே வகுப்பில் இன்னொரு கட்டளையும் வந்தது. ஆரோன் வம்சத்திலேயே உடம்பில் பழுது உள்ளவன் பிறந்தால் அவன் பரிசுத்த அப்பத்தைச் சாப்பிடலாம். படைக்கப் பலிபீடத்தண்டை வரக்கூடாது. அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். இப்போது கடக்க முடியவில்லை. குளியலறைக் கண்ணாடியில் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது அந்தக் காலத்து ஆசாரியன் கண்ணோடுதான் பார்க்கிறார். வேறு யாராவது வந்து கேட்டால், அதெல்லாம் பழைய ஏற்பாடு, அந்தக் கணக்கு முடிந்துபோயிற்று என்று தோளில் தட்டி அனுப்பியிருப்பார். தன் தோளில் தானே தட்டிக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. பாவம், உண்மையிலேயே பயந்துபோயிருந்தார்.

மார்ச் மாத நற்கருணையன்று யாரோ ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டார்கள். அங்கிக்குள் வியர்த்துக் கொட்டியது. பலிபீடத்துக்கு முன்னால் மரக் கிராதியை ஒட்டி வரிசையாக முழங்காலிட்டிருந்தவர்களில் வசந்தாமணி ஆன்ட்டியும் ஒருத்தி. அவள் உள்ளங்கையில் அவர் வைத்த வெள்ளை அப்பத்தில் பழுப்பாக ஒரு விரல்ரேகை பதிந்திருந்தது. ஆன்ட்டி அப்பத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். சாயம் போன இடத்தில் வெளுப்பு பளிச்சென்று தெரிந்தது. அப்பத்தை அவள் வாயில் போடவில்லை. டிஷ்யூவில் பொதிந்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருத்தராவது வந்து கேட்டார்களா? கிடையாது. அதுவரை ஆராதனை முடிந்ததும் கைகுலுக்கியவர்கள் இப்போது மூன்றடி தள்ளி நின்று கைகூப்பி "தோத்திரம் ஐயா" என்றார்கள். கும்பிடுகிறவனிடம் போய் ஏனப்பா கும்பிடுகிறாய் என்றா சண்டை பிடிக்க முடியும்?

சபைச் செயலாளர் டாக்டர் ஜெபசிங் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்து முடிக்கும் வரை பனியைப் பற்றியே பேசினார்.

"தொத்தாதுன்னு எனக்குத் தெரியாதா ஐயா? நானே டாக்டர்லா. ஆனா ஜனங்களுக்கு ஃபீலிங்னு ஒண்ணு இருக்கு, பாத்துக்கிடுங்க."

"என்ன செய்யணுங்கிய?"

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன். பிலடெல்பியால ஒரு தம்பி இருக்காரு, ஸ்மார்ட்டா பேசுவாரு. அவரு வந்து பாத்துக்கிடுவாரு."

ஆசீர் காலி டீக்கோப்பையை எடுத்துத் தட்டில் வைத்தார். அடுப்படியிலிருந்து எப்சிபாதான் ஈரக்கையோடு வந்தாள்.

"அந்த பாக்கெட் கப்பை வாங்கிருவோம் டாக்டர். கோவிட்ல வாங்கினோம்லா, அடியில திராட்சரசம், மேல சின்ன அப்பம், சீல் போட்டு வருமே. கூடையில வச்சு அனுப்பிட்டா அவங்கவங்க பிரிச்சுக்கிடுவாங்க. யாரும் யாரு கையையும் தொடவேண்டாம். இவிய அங்கியைப் போட்டுக்கிட்டு ஆல்டர்ல நிக்கட்டும்."

"குட் ஐடியா, ஐயரம்மா" என்றார் டாக்டர், போதகர் மனைவியை ஊரில் கூப்பிடுகிற முறையில். தலையிலிருந்து பெரிய மூட்டையை இறக்கிவைத்தவர் மாதிரி எழுந்து, வாசலில் கைகூப்பிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு ஆசீர் கேட்டார். "என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டுக் குடுத்திருப்பிய. அங்கியக் கழத்தி வச்சுட்டு நீங்க இந்த சோபாவுல உக்காந்திருக்கத என்னால பாக்க முடியாது."

"திங்கலாம், குடுக்கக் கூடாது" என்றார். "சட்டப்படி சரியாத்தான் பேசி முடிச்சிருக்க."

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அப்படி இருந்தது அதுவே முதல் தடவை. எப்சிபாவே பாக்கெட் கப்புகளை ஆர்டர் செய்தாள். அட்டைப்பெட்டி அவர்கள் வீட்டு வாசலில்தான் வந்து இறங்கியது. தன் வேலையைப் பறிக்கிற பெட்டியைத் தானே காரில் ஏற்றிக்கொண்டு போனார் ஆசீர்.

ஏப்ரல் முதல் ஞாயிறு. விரல்களில் பூச்சு இல்லை. யாரும் அருகே வரப்போவதில்லை, யாருக்காகப் பூசுவது? வழக்கமான ஜெபங்களைச் சொன்னார். கூடை வரிசை வரிசையாகப் போயிற்று. எல்லாரும் தலைகுனிந்து மேல்தாளை உரித்தார்கள்; பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம்தான் கோயில் முழுக்க. வசந்தாமணி ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு மென்றாள். கிராதியை ஒட்டிய சிவப்பு முழங்கால் மெத்தையில் ஒரு ஆள்கூட இல்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆசீர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது வரிசையிலிருந்து எப்சிபா எழுந்தாள். பாக்கெட்டைப் பிரிக்காமல் கையில் பிடித்தபடி நடுப்பாதையில் நடந்து வந்தாள். உரிக்கிற சத்தம் ஓய்ந்தது. டாக்டர் ஜெபசிங் தன் காலணியைக் குனிந்து பார்த்தார். அவள் மெத்தையில் அவருக்கு இடது ஓரமாக முழங்காலிட்டு, பாக்கெட்டைக் கிராதிமேல் வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள்.

"நீங்க குடுங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

தாள் லேசில் வரவில்லை. எப்படியோ உரித்து, காசளவு இருந்த அப்பத்தை எடுத்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் வாயில் போட்டுக்கொண்டு தலையைக் கிராதியில் சாய்த்துக்கொண்டாள். வேறு யாரும் எழுந்து வரவில்லை.

ஆசீர் எப்போதும் செய்கிறபடி அடுத்த ஆளுக்காக வலப்பக்கம் ஓரடி நகர்ந்தார். முதுகை வளைத்து, அப்பம் பிடிக்கிற மாதிரி கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துப் பிடித்து, வெறும் மெத்தைக்கு நேரே கையை நீட்டினார்.