ஷூவோடு நிற்க வேண்டிய சந்நிதி

விசில் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். டெல்லி போர் நினைவிடத்தின் வாசலில், எங்கள் டூர் பார்ட்டியில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழற்றிப் போட்ட கறுப்பு ஷூக்கள் பெரிய குவியலாகக் கிடந்தன. காவலுக்கு நின்ற ராணுவ வீரர் அதைக் காட்டி, "கிஸ்கா ஹை? கிஸ்கா ஹை?" என்று, யாருடையது என்று கேட்டு, சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வெறும் சாக்ஸோடு நின்றார்கள். இருட்டினதும் எங்களுக்கு ஊர் திரும்பும் ரயில்.

என் வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் அப்பன், இந்த நைனா, இருபது வருஷத்துக்கு மேலாக டூர் அழைத்துப் போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். திருத்தணியிலிருந்து கிளம்பும் பார்ட்டி பெரும்பாலும் கோயில் பார்ட்டிதான். திருப்பதி, காளஹஸ்தி, அறுபடை வீடு. அதில் நான் மைக்கில் சொல்லும் முதல் வார்த்தையே, "செருப்ப பஸ்லயே உட்டுட்டு எறங்குங்க" என்பதுதான். பள்ளிக்கூடப் பார்ட்டியை டெல்லிக்கு அழைத்துப் போனது அதுதான் முதல் தடவை. சரித்திரம் நடத்தும் கலைவாணி மிஸ் கேட்டதால் ஒத்துக்கொண்டேன்.

மிஸ் நடத்திய வகுப்பு

அந்த மிஸ் மாதிரி பாடம் நடத்தி நான் பார்த்ததில்லை. ரயிலில் புத்தகத்தையே திறக்கவில்லை. பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு போரைக் கொடுத்துவிட்டார். ஒரு குழுவுக்குச் சீனப் போர், ஒன்றுக்கு வங்கதேசப் போர், ஒன்றுக்குக் கார்கில். நினைவிடத்தில் போய் நின்று அந்தப் போரை மற்றவர்களுக்கு அவர்கள்தான் சொல்ல வேண்டும். ரயில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் பெர்த்துக்குப் பெர்த்து சண்டை ஆரம்பமாகிவிட்டது. "ஏ, பனியில சண்ட போட்டது எங்க குரூப்புடா, நீ உன் வேலைய பாத்துகினு போ!"

டெல்லியில் முதலில் இந்தியா கேட். அண்ணாந்து பார்த்தால் கல் முழுக்கப் பெயர்கள். மிஸ் கேட்டார்: "இவங்கள்லாம் யாருக்காகச் சண்டை போட்டாங்க?"

"வெள்ளக்காரனுக்கு மிஸ்," என்றான் ஒருவன்.

"அப்ப நாம மரியாதை குடுக்கணுமா, வேணாமா?"

வெயிலில் பெரிய வாக்குவாதம். வேணாம் என்றது ஒரு கட்சி. "வயித்துப் பொழப்புக்குப் போனாங்க மிஸ், அவங்க மேல இன்னா தப்பு?" என்றது இன்னொரு கட்சி. மிஸ் தீர்ப்பு சொல்லவே இல்லை. "ஊருக்குப் போற வரைக்கும் யோசிங்க" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் ஐஸ்கிரீம் விற்பவனைக்கூட அந்தப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை. டூர்காரன் நான் சொல்கிறேன், அது சாதாரண விஷயமில்லை.

ஹேமாவதி

பதினொன்றாம் வகுப்பு ஹேமாவதிக்கு மட்டும் மிஸ் எந்தப் போரையும் கொடுக்கவில்லை. அவள் அப்பா ராணுவத்தில் இருந்தவர். இவள் கைக்குழந்தையாக இருந்தபோது வடக்கே பனிமலைக் காவலில் இறந்துபோனார். அவர் பெயர் அந்த நினைவிடத்தில் இருக்கிறது. அம்மா பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். அவரால் டெல்லி வரைக்கும் போக முடிந்ததில்லை. ஸ்டேஷனில் மகளை வழியனுப்பும்போது சொன்னதை நான் கேட்டேன்.

"நா பாக்காட்டியும் போவுது. நீ உங்கப்பா பேரத் தொட்டுட்டு வாம்மா."

நினைவிடத்தின் வாசலில் சோதனை முடிந்ததும் முதலில் ஷூவைக் கழற்றியவள் அவள்தான். யாரும் சொல்லவில்லை. மலைக்கோயில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டாம். அவள் கழற்றியதைப் பார்த்து எல்லோரும் கழற்றிக் குவித்துவிட்டு உள்ளே நடக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் அது தப்பாகவே படவில்லை.

வாசலில்

காவல் உள்ள இடத்தில் கேட்பாரில்லாமல் ஒரு குவியல் கிடந்தால் காவலர் விடுவாரா? எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். ஷூவைப் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் வரவேண்டும் என்று கை ஜாடை காட்டினார். மூடும் நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் குவியலில் விழுந்து தேடினார்கள்.

"டேய், ரெண்டும் லெப்டு கால்டா!"

"மோந்து பாத்து எடுடா, உன்னுது தனியாத் தெரியும்!"

ஹேமாவதி மட்டும் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"எங்கப்பா முன்னாடி செருப்புக் காலோட போய் நிக்க மாட்டேன் மிஸ்."

"உள்ள விட மாட்டாங்கடி."

"அப்ப நா இங்கியே நிக்கிறேன். நீங்க போய்ட்டு வாங்க."

அம்மா சொல்லி அனுப்பியது என்ன, இவள் சொல்வது என்ன! மிஸ் அதட்டவில்லை. என்னிடம் திரும்பி, "அண்ணா, இவ ஏன் கழட்டினான்னு அவர்கிட்ட எப்படியாவது சொல்லுங்க" என்றார்.

இந்தி எனக்கு, கடையில் விலை கேட்கும் 'கித்னா'வோடு சரி. வீரரின் சட்டையிலிருந்த பெயரைப் பார்த்தேன். நம் ஆந்திரா பக்கத்துப் பெயராகத் தெரிந்தது. துணிந்து தெலுங்கில் பேசினேன்: "சார், மாக்கு இதி குடி லாண்டிதி." எங்களுக்கு இது கோயில் மாதிரி என்று.

அவர் முகம் மாறியது. எந்த ஊர் என்று கேட்டார். திருத்தணி என்றதும், "எங்க வீட்டுல மொட்டையே அங்கதானேய்யா" என்றார் தெலுங்கில். ஹேமாவதியின் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"ஏம்மா, அவரும் பனிமலையில டூட்டி பாத்தவராம். அங்க பூட்ஸ் இல்லாம கொஞ்ச நேரம் நின்னாலே வெரலு செத்துப்பூடுமாம். ஈர சாக்ஸ ஒருத்தன் மாத்துனா, இன்னொருத்தன் அவன் கால மடியில வெச்சித் தேய்ப்பானாம். உங்கப்பாவும் பூட்ஸக் கட்டிகினுதான் காவலுக்கு நின்னிருப்பாரு. பட்டாளத்துல மரியாதைன்னா லேஸ இறுக்கிக் கட்டிகினு நேரா நிக்கிறதுதானாம். இவங்களுக்கு அது போதுமாம்."

மிஸ் பையிலிருந்து நோட்டை எடுக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து தன் செருப்பு வாரைச் சரியாக இறுக்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஹேமாவதி அதைப் பார்த்தாள். பிறகு தானும் உட்கார்ந்து ஷூவைப் போட்டாள். ரயிலில் வந்த நாளெல்லாம் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, லேஸ் தொங்கத் தொங்க நடந்த பெண் அவள். இப்போது இரண்டு முடிச்சாகப் போட்டு இழுத்துப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் குனிந்து தங்கள் லேஸைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சிரிப்பு இல்லை.

உள்ளே வட்ட வட்டமாகச் சுவர்கள், கல்லுக்கு ஒரு பெயர். அங்கிருந்தவர்கள் இடத்தைக் காட்டினார்கள். ஹேமாவதி குதிகாலைச் சேர்த்து நேராக நின்றாள். பிறகு கையை நீட்டி எழுத்துகளைத் தடவினாள்.

"அப்பா, ஷூ போட்டுகினு வந்துகிறேன். அம்மா தொடச் சொன்னாங்கோ."

பின்னால் பிள்ளைகள் அத்தனை பேரும், யாரும் சொல்லாமலே, அதே மாதிரி நின்றார்கள். ரயிலைப் பிடித்துவிட்டோம்.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். மரியாதை நம் மனசில் இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு எது மரியாதை என்று கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிக் கேட்க வைத்ததே அந்த மிஸ் நடத்திய பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

இப்போதும் வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கூடப் பார்ட்டி என்னோடுதான் டெல்லி போகிறது. பஸ்ஸில் மைக்கைப் பிடித்து, "இங்க மட்டும் யாரும் ஷூவக் கழட்டாதீங்க, லேஸ நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு நானும் குனிந்து கட்டிக்கொள்கிறேன். வருஷம் முழுக்க ரப்பர் செருப்பில் திரியும் மனுஷனுக்கு எதற்கு இந்தக் கறுப்பு ஷூ என்று நீங்கள் கேலி செய்கிறீர்களே, அது இதற்குத்தான்.